வைசாகி: அறுவடை நாளா, புத்தாண்டா, கால்சா பிறந்த நாளா?

பள்ளிக்கூடத்துச் சமூக அறிவியல் பாடத்தில் ‘பொருத்துக’ என்று ஒரு கேள்வி வரும். இந்தப் பக்கம் தமிழ்நாடு, கேரளா, அசாம், பஞ்சாப். அந்தப் பக்கம் பிஹு, ஓணம், வைசாகி, பொங்கல். கோடு போட்டு இணைத்தால் மதிப்பெண். நம்மில் பலருக்கு வைசாகியைப் பற்றிய அறிவு அந்தக் கோட்டோடு நின்றுபோயிருக்கிறது. அப்புறம் ஏப்ரல் பிறந்தால் வாட்ஸ்அப்பில் மஞ்சள் தலைப்பாகை, மேளம், கோதுமை வயல் எல்லாம் போட்ட வாழ்த்துப் படங்கள் வரும். ‘சீக்கியப் புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று ஒருவர் அனுப்புவார், ‘அறுவடைத் திருநாள் வாழ்த்துகள்’ என்று இன்னொருவர்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. பஞ்சாபில் ஒரு சீக்கியரிடம் வைசாகி என்றால் என்ன என்று கேளுங்கள். கோதுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகம் பிறந்த 1699ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவார். பக்கத்து வீட்டு இந்து விவசாயியிடம் கேட்டால் வயலையும் ஹரித்வார் நீராடலையும் சொல்வார். ஒரே நாள்தான். அதன்மேல் அடுக்கடுக்காகப் பல விஷயங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எந்த அடுக்கு எப்போது வந்தது, ஏன் இந்த நாளில் வந்தது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சந்தை நாளிலிருந்து தொடங்குவோம்

ஒரு ஊரில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை தொடங்கியது காய்கறிக்கும் கருவாட்டுக்கும்தான். ஆனால் சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லாரும் அன்றைக்கு வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு மற்ற வேலைகளும் அங்கே வந்து சேரும். கடன் கொடுத்தவர் வசூலுக்கு வருவார். மாப்பிள்ளை பார்ப்பவர் வருவார். கட்சிக்காரர் மைக் கட்டுவார். பொது விஷயம் ஏதாவது அறிவிக்க வேண்டுமென்றால், ‘செவ்வாய்க்கிழமை சொல்லிடலாம், எல்லாரும் இருப்பாங்க’ என்பார்கள். பல வருஷம் கழித்து அந்தச் சந்தையில் நடந்த ஒரு பெரிய நிகழ்ச்சி ஊர் வரலாற்றையே மாற்றியிருந்தால், ‘செவ்வாய்ச் சந்தை’ என்றதும் மக்களுக்கு அந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும், கருவாடு வராது.

வைசாகியின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். முதலில் வானமும் வயலும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தன. மக்கள் கூடினார்கள். கூடுகிற மக்களைப் பார்த்துச் சீக்கிய குருமார்கள் அந்த நாளைத் தங்கள் சங்கமத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சங்கமம் ஒன்றில் கால்சா பிறந்தது.

தேதி எங்கிருந்து வருகிறது?

வைசாகி பெரும்பாலும் ஏப்ரல் 13 அல்லது 14. இந்தத் தேதியைப் பார்த்ததும் நமக்குப் பொறி தட்ட வேண்டும். நம் சித்திரை முதல் நாளும் அதுவேதான். கேரளத்து விஷு, வங்காளத்துப் பொய்லா பொய்ஷாக், அசாமின் ரொங்காலி பிஹு எல்லாம் இந்த நாளிலோ ஒருநாள் முன்பின்னோ வருகின்றன.

காரணம் ஒன்றே. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்து இந்த நாள் கணக்கிடப்படுகிறது. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போவதைச் சங்கராந்தி என்கிறோம். பஞ்சாபியர்கள் அதையே சங்கிராந்த் என்பார்கள். வைசாக் மாதத்தின் சங்கிராந்த் நாள்தான் வைசாகி.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வைசாகியை நம் வைகாசி விசாகத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நமக்குச் சித்திரை மாதம் எதுவோ அதுதான் பஞ்சாபில் வைசாக். நமக்கு வைகாசி பிறக்கும்போது அங்கே அடுத்த மாதமான ஜேட் வந்துவிடும்.

இன்னொரு விஷயம்: இந்தத் தேதி ஆங்கில நாட்காட்டியில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நட்சத்திரங்களைப் பின்னணியாக வைத்துச் சூரியனின் ஒரு சுற்றை அளந்தால் வரும் ஆண்டு, பருவங்களை வைத்து அளக்கிற ஆண்டைவிட சுமார் இருபது நிமிடம் நீளம். இருபது நிமிடம் ஒன்றும் பெரிதில்லைதான். ஆனால் அறுபது எழுபது வருஷம் சேர்ந்தால் அது ஒரு முழு நாள். அதனால் 1699இல் வைசாகி வந்தது, இன்றைய நாட்காட்டிக் கணக்கில் பார்த்தால் ஏப்ரல் 8 வாக்கில். 1801இல் அது ஏப்ரல் 12. 1919இல் ஏப்ரல் 13. இன்று 13க்கும் 14க்கும் இடையில் ஊசலாடுகிறது.

இந்த நகர்வை நிறுத்த வேண்டும் என்று சீக்கியர்களுக்குள்ளேயே ஒரு முயற்சி நடந்தது. குரு நானக் பிறந்த 1469ஐத் தொடக்கமாகக் கொண்ட நானக்ஷாஹி நாட்காட்டியை, குருத்துவாராக்களை (சீக்கியர் வழிபாட்டிடங்களை) நிர்வகிக்கும் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் கமிட்டி 2003இல் ஏற்றுக்கொண்டது. அதில் வைசாக் முதல் நாள் ஏப்ரல் 14 என்று நிலையாகக் கட்டப்பட்டது. 2010இல் அதைத் திருத்தி, மாதப் பிறப்புகளைப் பழைய கணக்குக்கே கொண்டுபோனார்கள். இன்றும் இதில் இரண்டு கட்சி உண்டு. சில ஆண்டுகளில் ஓர் ஊர்க் குருத்துவாராவில் 13ஆம் தேதியும் வேறோர் ஊரில் 14ஆம் தேதியும் வைசாகி நடப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, இது புத்தாண்டா? பஞ்சாபியர் பலரும், முக்கியமாக இந்துக்கள், இதைச் சூரிய ஆண்டின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அந்த அளவில் ‘பஞ்சாபிப் புத்தாண்டு’ என்பதில் தவறில்லை. ஆனால் ‘சீக்கியப் புத்தாண்டு’ என்பது சரியில்லை. நானக்ஷாஹி ஆண்டு தொடங்குவது வைசாக்கில் இல்லை, அதற்கு முந்தைய மாதமான சேத்தில், மார்ச் நடுவில். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் உள்ள பன்னிரு மாதப் பாடல்களும் சேத்தில்தான் தொடங்குகின்றன. வைசாக் அதில் இரண்டாம் மாதம்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: நாளைக் குறிப்பது சூரியன். அது நம் சித்திரைப் பிறப்போடு ஒன்றாக வருகிறது. சீக்கிய நாட்காட்டியில் அது ஆண்டின் முதல் நாள் இல்லை.

கோதுமையின் கணக்கு

பஞ்சாபில் கோதுமையை விதைப்பது அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும். குளிர்காலம் முழுக்கப் பயிர் நிதானமாக வளரும். கோதுமைக்கு அந்தக் குளிர் வேண்டும். பிப்ரவரியில் கதிர் விட்டு, மார்ச்சில் வெயில் ஏற ஏறப் பச்சை வெளுத்து மஞ்சளாகும். ஏப்ரல் முதல் பாதியில் தாள் காய்ந்து சலசலக்கும். கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால் உமி பறந்து மணி மட்டும் நிற்கும். அதில் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். ‘கடக்’கென்று உடைந்தால் அறுக்கலாம். மாவாக நசுங்கினால் இன்னும் ஈரம் போகவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அறுவடைத் திருநாள் என்றதும் நாம் பொங்கலை மனதில் வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வந்த பிறகு கொண்டாடுவது என்று நினைத்துவிடுகிறோம். வைசாகி அன்று பெரும்பாலான கோதுமை வயலிலேயே நிற்கும். கையரிவாளால் அறுத்த காலத்தில் வைசாகிக்குப் பிறகுதான் அறுவடை சூடுபிடிக்கும். அறுப்பு, கட்டு, களம், மாடு கட்டிப் போரடித்தல், காற்றில் தூற்றுதல் என்று மே மாதம் வரை இழுக்கும். ஆலங்கட்டி மழையோ புயல்காற்றோ வந்து பயிர் சாய்ந்துவிடும் என்ற பயத்தில் குடும்பமே இராப்பகலாக வயலில் கிடக்கும்.

ஆகவே வைசாகி அறுவடையின் வாசற்படி. விளைச்சல் எப்படி என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வேலை இன்னும் தலைக்குமேல் ஏறவில்லை. குளிர் போய்விட்டது, உடம்பைக் கருக்கும் வெயில் இன்னும் வரவில்லை. பாதைகள் காய்ந்து கிடக்கின்றன, ஆறுகளில் வெள்ளம் இல்லை. வண்டி கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் வெளியூர் போய்வர ஒரு விவசாயிக்கு வருஷத்தில் இதைவிடத் தோதான நேரம் கிடைப்பது கஷ்டம். பஞ்சாபின் ஊர்களில் இந்த நாளில் மேளாக்கள் கூடியதும், மாட்டுச் சந்தை, மல்யுத்தம், தோல் மேளம், பாங்ரா ஆட்டம் எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டதும் இதனால்தான். இந்து, சீக்கியர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் விவசாயக் குடும்பங்கள் எல்லாமே அந்த மேளாக்களுக்குப் போய்வந்தன. கங்கையில் நீராட ஹரித்வார் போகிறவர்கள் தனி. அங்கே கும்பமேளா நடக்கும் ஆண்டில் முக்கிய நீராடலே இந்த மேஷ சங்கராந்தி அன்றுதான்.

இப்போது கதை கொஞ்சம் மாறிவிட்டது. 1960களின் பசுமைப் புரட்சிக்குப் பிறகு கம்பைன் அறுவடை இயந்திரம் வந்து, ஒரு மாத வேலையைச் சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. ஏப்ரல் தொடங்கியதும் அரசுக் கொள்முதலுக்காக மண்டிகள் திறந்துவிடும். டிராக்டர்களில் வந்து இறங்கும் கோதுமை அம்பாரம் அம்பாரமாகக் குவியும். விவசாயிக்கு இன்று வைசாகி நேரத்துக் கவலை அரிவாளோ களமோ இல்லை. மணியில் எத்தனை சதவீத ஈரம் இருக்கிறது, சாக்கு வந்துவிட்டதா, லாரி எப்போது வரும் என்பதுதான்.

குருமார்கள் ஏன் இந்த நாளை எடுத்துக்கொண்டார்கள்?

சீக்கிய மரபைத் தொடங்கிவைத்தவர் குரு நானக். அவருக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக ஒன்பது குருமார்கள். மூன்றாமவரான குரு அமர்தாஸ் 1552 முதல் 1574 வரை பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள கோயிந்த்வாலில் இருந்தார். அதற்குள் சீக்கியர்கள் பல ஊர்களில் பரவிவிட்டார்கள். எல்லாரையும் வருஷத்தில் சில நாட்களாவது ஓரிடத்தில் சேர்க்க வேண்டிய தேவை வந்தது. வைசாகிக்கும் தீபாவளிக்கும் கோயிந்த்வாலுக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னவர் அவர்தான். ஒன்று வசந்தத்தின் பயிர் முற்றும் நேரம், இன்னொன்று மழைக்காலப் பயிர் கைக்கு வரும் நேரம். எப்படியும் ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புகிற நாட்கள்.

குருவாவதற்கு முன் அமர்தாஸே வருஷா வருஷம் கங்கைக்கு யாத்திரை போனவர் என்று மரபு சொல்கிறது. கோயிந்த்வாலில் அவர் 84 படிகள் கொண்ட ஒரு படிக்கிணறு கட்டினார், அது இன்றும் இருக்கிறது. வந்தவர்கள் குளிக்க ஓர் இடம், உட்கார்ந்து பாட ஓர் இடம், சாப்பிட லங்கர். லங்கர் என்றால் சாதி, அந்தஸ்து பாராமல் எல்லாரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பொதுச் சமையல். குருவைப் பார்ப்பதற்கு முன் லங்கரில் சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

பின்னால் வந்த குருமார்கள் காலத்தில் தூரத்து ஊர்களில் மசந்துகள் இருந்தார்கள். மசந்து என்றால் குருவின் சார்பில் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, சமயப் பொறுப்பையும் பார்த்துக்கொண்ட பிரதிநிதி. இந்த மசந்துகள் வைசாக் மாதத்தில் குருவிடம் வந்து கூடுவார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாரசீக நூல் ஒன்றும் குறிப்பிடுகிறது. ஆக, 1699க்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பிருந்தே வைசாகி சீக்கியர்களின் ஆண்டுக் கூட்டமாக இருந்தது. இதைச் சொல்லாமல் நேராக 1699க்குத் தாவுவதால்தான் ‘அறுவடை விழா எப்படித் திடீரென்று மத விழா ஆனது’ என்ற குழப்பம் வருகிறது. திடீரென்று எதுவும் ஆகவில்லை.

1699, அனந்த்பூர்

ஒன்பதாவது குருவான தேக் பகதூர், முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1675இல் தில்லியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சாந்தினி சௌக்கில் சீஸ் கஞ்ச் குருத்துவாரா இருக்கும் இடம் அதுதான். அப்போது அவர் மகன் கோவிந்த் ராய்க்கு ஒன்பது வயது. அந்தச் சிறுவன்தான் பத்தாவது குரு. சிவாலிக் மலையடிவாரத்து அனந்த்பூரில் வளர்ந்து, குதிரையேற்றமும் ஆயுதமும் கவிதையும் பயின்றார்.

அவருக்கு வெளியிலிருந்து, முகலாய ஆட்சியிடமிருந்து, வந்த நெருக்கடி எல்லாரும் அறிந்தது. உள்ளேயும் ஒரு நெருக்கடி இருந்தது. மசந்துகளில் பலர் காணிக்கையில் கைவைத்தார்கள், ஊரில் தாங்களே குருபோல நடந்துகொண்டார்கள். குருவுக்கும் சீக்கியருக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிட்டது.

1699ஆம் ஆண்டு வைசாகிக்குத் தவறாமல் வரும்படி ஊர்களுக்குச் செய்தி போனது. அனந்த்பூரில் பெருங்கூட்டம். அன்று நடந்ததைச் சீக்கிய மரபு இப்படிச் சொல்கிறது (விவரமான வர்ணனைகள் பிற்கால நூல்களில்தான் வருகின்றன). குரு உருவிய வாளோடு எழுந்து நின்றார். ‘எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருவீர்கள்?’ என்றார். கூட்டம் உறைந்துபோனது. மூன்றாம் முறை கேட்டபோது லாகூரைச் சேர்ந்த தயா ராம் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போன குரு ரத்தம் சொட்டும் வாளோடு தனியாக வெளியே வந்து, இன்னொரு தலை கேட்டார். ஹஸ்தினாபுரத்து தரம் தாஸ் எழுந்தார். அப்புறம் துவாரகையிலிருந்து வந்த மோகம் சந்த், ஜகந்நாத பூரியின் ஹிம்மத் ராய், பீதரின் சாகிப் சந்த். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரையும் உயிரோடு, புது உடையில், கூட்டத்தின் முன் நிறுத்தினார். இவர்களே பஞ்ச் பியாரே, குருவின் அன்புக்குரிய ஐவர்.

இந்த ஐந்து பெயரோடு வரும் ஊர்களை மறுபடி ஒருமுறை படியுங்கள். வடமேற்கில் லாகூர், மேற்குக் கடலோரம் துவாரகை, கிழக்குக் கடலோரம் பூரி, தெற்கே இன்றைய கர்நாடகத்தின் பீதர். தொழிலையும் பாருங்கள். சாகிப் சந்த் நாவிதர். ஹிம்மத் ராய் தண்ணீர் சுமக்கும் குலத்தவர். மோகம் சந்த் துணியில் அச்சுப் போடும் குலத்தவர். தரம் தாஸ் ஜாட் விவசாயி. தயா ராம் கத்ரி என்ற வணிகர் குலத்தவர். பத்து குருமார்களும் கத்ரி குலத்தில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்று எழுந்து நின்ற ஐவரில் நால்வர் வேறு சாதியினர் என்பதன் கனம் தெரியும்.

அடுத்து நடந்ததுதான் இந்த நாளின் மையம். ஓர் இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பதாசா என்ற சர்க்கரை வில்லைகளைப் போட்டு, கண்டா எனப்படும் இருபுறமும் கூரான வாளால் கலக்கிக்கொண்டே குருபாணி எனப்படும் குருமார்களின் பாடல்களை ஓதினார்கள். அந்த இனிப்பு நீர்தான் அமிர்தம். ஐவரும் ஒரே பாத்திரத்திலிருந்து அதைப் பருகினார்கள். அடுத்தவர் கைபட்ட தண்ணீரைக் குடித்தால் தீட்டு என்றிருந்த காலம் அது. நாவிதரும் கத்ரியும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்தது வெறும் சடங்கு இல்லை.

அதன்பிறகு குரு அந்த ஐவரின் முன் கைகூப்பி நின்று, தனக்கும் அமிர்தம் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். கோவிந்த் ராய் அன்றிலிருந்து கோவிந்த் சிங். குருவே சீடரிடம் தீட்சை பெற்றது மற்ற சமய மரபுகளில் அபூர்வமாகத்தான் காணக்கிடைக்கும். தலை கேட்ட காட்சியைத்தான் எல்லாரும் ஓவியமாக வரைகிறார்கள். எனக்கென்னவோ இந்த இரண்டாம் காட்சிதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்படி அமிர்தம் பெற்றவர்களின் சமூகமே கால்சா. முகலாயர் காலத்தில் ஜமீன்தார் யாரும் நடுவில் இல்லாமல் அரசரின் நேரடிப் பொறுப்பில் இருந்த நிலத்துக்கும் இதே பெயர்தான். இனி மசந்து கிடையாது, சீக்கியர் நேராகக் குருவுக்கு உரியவர் என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஆணுக்கு சிங், பெண்ணுக்கு கவுர் என்ற பெயர் வந்தது. சாதிப் பெயர் வேண்டாம். உடம்பில் ஐந்து அடையாளங்கள்: வெட்டாத முடி, மரச் சீப்பு, இரும்பு வளையம், அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்ற குறுவாள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். எல்லாச் சீக்கியரும் அமிர்தம் பெற்றவர்கள் இல்லை. தலைப்பாகை கட்டி, முடி வளர்த்து, இன்னும் அமிர்தம் வாங்காதவர்கள் ஏராளம். அமிர்தம் வாங்குவது பிறப்பால் வருவதில்லை, வயது வந்து தானாக எடுக்கும் முடிவு. எந்த நாளிலும் வாங்கலாம், ஆனால் வைசாகி அன்று வாங்குவதைப் பலர் விரும்புகிறார்கள்.

சுருக்கமாக: வைசாகி கூட்டம் முன்பே இருந்தது. 1699இல் அந்தக் கூட்டத்தின் நடுவே கால்சா உருவானது. அன்றிலிருந்து சீக்கியருக்கு இது கால்சா பிறந்த நாள்.

கூட்டம் நடந்துகொண்டே இருந்தது

குரு கோவிந்த் சிங் 1708இல் நாந்தேட்டில் மறைந்தார். இனி மனித குரு இல்லை, குரு கிரந்த் சாகிப் என்ற நூலே குரு என்று அறிவித்துவிட்டுப் போனார். பிறகு வந்த அடக்குமுறைக் காலத்தில் சீக்கியக் குழுக்கள் காடுகளில் சிதறிக் கிடந்தன. அப்போதும் வைசாகிக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் கூடி, கூட்டாக முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு சர்பத் கால்சா என்று பெயர். சிதறிய படைகளை ஒன்றுசேர்த்து தல் கால்சா அமைத்தது 1748ஆம் ஆண்டு வைசாகியில். ரஞ்சித் சிங் மகாராஜாவாக முடிசூடியது 1801ஆம் ஆண்டு வைசாகியில்.

1919ஐயும் இந்த வரிசையில் வைத்தால்தான் புரியும். ரௌலட் சட்ட எதிர்ப்பில் அமிர்தசரஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 10இல் போராட்டத் தலைவர்களான சைஃபுதீன் கிச்லுவும் சத்யபாலும் கைதானார்கள். 13ஆம் தேதி காலையில் கூட்டம் கூடத் தடை என்று ஜெனரல் டயர் நகரில் தண்டோரா போடச் செய்தார். ஆனால் அன்று வைசாகி. பொற்கோயிலுக்கும் மாட்டுச் சந்தைக்கும் வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்திருந்தார்கள். ஜாலியன்வாலா பாகில் மாலையில் இருந்தவர்களில் எதிர்ப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களும் உண்டு, நடந்த களைப்புக்கு உட்கார்ந்திருந்த கிராமத்தார்களும் உண்டு. டயரின் சிப்பாய்கள் அவர்கள்மீது 1,650 ரவுண்டு சுட்டார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் விசாரணை ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. பொற்கோயிலுக்கு வைசாகி யாத்திரை போகிறவர்கள் சில நிமிட நடையில் அந்த மைதானத்துக்கும் போய்வருகிறார்கள்.

இன்று என்ன செய்கிறார்கள்?

கொண்டாட்டம் இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடும். குரு கிரந்த் சாகிபின் 1,430 பக்கங்களையும் ஆள் மாற்றி ஆள், இடைவெளி விடாமல் சுமார் 48 மணி நேரத்தில் படித்து முடிப்பார்கள். இதற்கு அகண்ட பாட் என்று பெயர். வைசாகி காலையில் முடிகிற மாதிரி கணக்கிட்டுத் தொடங்குவார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கும் யாராவது ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார், கேட்க நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

குருத்துவாரா வாசலில் உயரமான கம்பம் ஒன்று நிற்கும். அதுதான் நிஷான் சாகிப், சீக்கியக் கொடி. கம்பத்துக்கே துணி சுற்றியிருப்பார்கள். பல இடங்களில் வைசாகி அன்று பழைய துணியை அவிழ்த்து, பாலும் நீரும் கொண்டு கம்பத்தைக் கழுவி, புதுத் துணி சுற்றுகிறார்கள். ஆளுக்கு ஒரு கை வைக்க வேண்டும் என்று தள்ளுமுள்ளே நடக்கும். துணியின் நிறம் மஞ்சள் கலந்த பசந்தியாகவோ கருநீலமாகவோ இருக்க வேண்டும் என்று 2024இல் சிரோமணி கமிட்டி குருத்துவாராக்களுக்கு அறிவுறுத்தியது. பல இடங்களில் காவி நிறமாக மாறிப்போயிருந்ததே காரணம்.

அடுத்து நகர் கீர்த்தன், அதாவது பாடிக்கொண்டே தெருக்களில் போகும் ஊர்வலம். முன்னால் சிலர் துடைப்பத்தால் சாலையைப் பெருக்குவார்கள், பின்னால் தண்ணீர் தெளிப்பார்கள். அதன்பின் பஞ்ச் பியாரேயாக ஐவர் வெறுங்காலோடு, உருவிய வாளோடு நடப்பார்கள். இது வேடமில்லை, அமிர்தம் பெற்ற ஐவர் அந்தப் பொறுப்பை ஏற்று வருவது. பூ அலங்காரம் செய்த வண்டியில் குரு கிரந்த் சாகிப் வரும், ஒருவர் சாமரம் வீசிக்கொண்டே இருப்பார். கத்கா என்ற வாள்சிலம்பு ஆடும் இளைஞர்கள், பாடும் குழுக்கள், வழி நெடுக இலவசமாக மோரும் பூரியும் நீட்டும் பந்தல்கள். பாங்ரா இந்த ஊர்வலத்தின் பகுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மேளாவின் ஆட்டம். வாழ்த்துப் படங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

பெரிய கூட்டம் கூடும் இடங்கள் மூன்று நான்கு. கால்சா பிறந்த இடத்தில் நிற்கும் அனந்த்பூர் சாகிபின் கேஸ்கட் சாகிப், அமிர்தசரஸ் பொற்கோயில், குரு கோவிந்த் சிங் தங்கியிருந்த தல்வண்டி சாபோவின் தம்தமா சாகிப். எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹசன் அப்தாலில் உள்ள பஞ்சா சாகிப். 1974இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியச் சீக்கியர்கள் குழுவாக வைசாகிக்கு அங்கே போய்வருகிறார்கள். கனடாவின் சர்ரே, லண்டனின் சவுத்தால் போன்ற இடங்களில் நகர் கீர்த்தன் பிரம்மாண்டமாக நடக்கும். ஆனால் அங்கே எல்லாருக்கும் வேலை நாள் என்பதால் ஏப்ரல் மாதத்து வார இறுதிகளுக்குத் தள்ளிவைத்துக்கொள்கிறார்கள்.

கோதுமை இந்த விழாவில் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், கையில் விழும் பிரசாதத்தில் இருக்கிறது. கடா பிரசாத் செய்முறை எளிது: கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. நெய்யில் மாவைப் போட்டு, மணம் வந்து பழுப்பு நிறம் ஏறும் வரை கைவிடாமல் கிளற வேண்டும். பிறகு சர்க்கரை கரைத்த கொதிநீரை ஊற்றினால் ‘சொய்’யென்று பொங்கி, சுருண்டு வரும். பிரார்த்தனை முடிந்ததும் கிர்பானின் முனையால் அதைத் தொட்டு, முதலில் ஐந்து பங்கு தனியாக எடுத்து வைப்பார்கள். அது பஞ்ச் பியாரேவுக்கு. அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

போய்ப் பார்க்க விரும்பினால்

இதற்குப் பஞ்சாப் போக வேண்டும் என்றில்லை. சென்னை தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையிலேயே ஒரு குருத்துவாரா இருக்கிறது. எந்த மதத்தினரும் போகலாம். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கைக்குட்டை போதும், வாசலில் கூடையிலும் வைத்திருப்பார்கள். சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலம் எதுவும் பையில்கூட இருக்கக்கூடாது. உள்ளே தரையில் உட்காரும்போது குரு கிரந்த் சாகிப் இருக்கும் பக்கம் காலை நீட்டாதீர்கள். பிரசாதம் தரும்போது இரண்டு கைகளையும் குவித்து வாங்க வேண்டும். நெய் அதிகம், கை வழுவழுவென்று ஆகிவிடும், பரவாயில்லை.

வணக்கம் சொல்ல ‘சத் ஸ்ரீ அகால்’ போதும். வைசாகி அன்று ‘வைசாகி தியாங் லக் லக் வதாயியாங்’ (வைசாகிக்கு லட்சம் லட்சமாய் வாழ்த்துகள்) என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். அதற்குப் பிறகு உங்களை லங்கருக்கு இழுத்துப்போகாமல் விடமாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தால் கூடையோடு வருகிறவர் ‘பர்ஷாதா ஜீ’ என்று கேட்டுக்கொண்டே வருவார். ரொட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார். அதையும் இரண்டு கையேந்தித்தான் வாங்க வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், ஆனால் தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது.